ஏழு இருபது வேனும் இல்லற அமைதியும்: ஓர் ஆய்வு

பள்ளி நாளில் காலை ஆறு மணிக்கும், வாசலில் வேன் ஹாரன் அடிக்கும் ஏழு இருபதுக்கும் இடைப்பட்ட எண்பது நிமிடங்கள் தமிழ் ஆய்வுலகின் கண்ணில் இதுவரை படவில்லை. சங்க இலக்கியத்தில் யானை, நண்டு, கூந்தல், உப்பு என்று எதையும் விட்டுவைக்காத ஆய்வாளர்கள் இதை மட்டும் தொடாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அவர்களும் வீட்டில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலைநாள் காலை அமைதியாகக் கழியக்கூடுமா, கூடுமெனில் அவ்வமைதி எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வு வினா.

ஆய்வெல்லையை முதலிலேயே வகுத்துவிடலாம். சென்னையில் ஓர் அடுக்ககம். வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், இரண்டு குளியலறை, அவற்றுள் ஒன்றில் கீஸர் ரிப்பேர். பாட்டி உடனிருக்கும் வீடுகள் விலக்கப்பட்டன. பாட்டி தனியொரு நிறுவனம், அவரைக் கணக்கில் சேர்த்தால் எந்த முடிவும் திரிந்துவிடும். விடுமுறை நாட்களும் விலக்கு. வாரமெல்லாம் எழுப்பினாலும் எழாத அதே பிள்ளை ஞாயிறன்று ஐந்தரைக்குத் தானாக எழுந்து டிவி போடுவது எப்படி என்பது உளவியலாருக்கு உரிய களம்.

இனி முந்தையோர் கருத்து. தொல்காப்பியர் காட்டும் சிறுபொழுதுகள் ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். அவற்றுள் வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். கணவனும் மனைவியும் முறைத்துக்கொள்ள ஏற்ற நேரம் விடியற்காலைதான் என்பதை அவர் எவ்வளவு முன்பே கண்டிருக்கிறார்! பரத்தையர் சேரிக்குப் போன தலைவன் வீடு திரும்பும் நேரம் அது என்பது மரபான விளக்கம். இன்றைய தலைவன் எங்கும் போவதில்லை. பக்கத்து அறையில் போனைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். ஆயினும் ஊடல் அதே பொழுதில் தவறாமல் நிகழ்வது ஈண்டு நோக்கத்தக்கது. இத்திணைக்குக் கருப்பொருளும் கூறலாம். பறை, குக்கர் விசில். உணவு, தோசை, அதுவும் பாதி. நீர், கீஸர் வெந்நீர். தொழில், தேடுதல்.

எழுப்புதல் என்னும் துறையிலோ நமக்கு நிகர் யாருமில்லை. திருப்பாவையின் முப்பது பாட்டில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாட்டைத் தோழியரை எழுப்புவதற்கே ஆண்டாள் செலவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதுக் காரணம். பதினைந்தாவது பாட்டில் உள்ளே படுத்திருப்பவள் எதிர்வாதமே செய்கிறாள். அரங்கனை எழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வாருக்குப் பத்துப் பாட்டு வேண்டியிருந்தது. பெருந்துறைச் சிவனை எழுப்ப மாணிக்கவாசகருக்கும் பத்து. ஆக, ஒரு தாய் தன் மகனைப் பத்து முறை கூப்பிடுவது மரபு வழுவாத செயல் என்பது தெள்ளிதின் புலனாகும். ஒன்பதாவது அழைப்பு வரை ‘கண்ணா’, ‘செல்லம்’ என்று போவது பத்தாவதில் ‘அப்படியே அவங்கப்பா’ என்று முடிவது மட்டும் பிற்காலச் சேர்க்கை.

அடுத்து, காலக் கணக்கு. வேனைத் தவறவிடும் குடும்பங்கள் அரை மணி நேரத்தில் தவறவிடுவதில்லை. ஐந்து, பத்து நிமிடத்தில்தான். இந்த நிமிடங்கள் எங்கே போயின? 1905 முடியும் வரை சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்துத் தந்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் ஓடியது. 1906 ஜனவரி 1 அன்று நாட்டுக்கெல்லாம் ஐந்தரை மணி என்று இந்திய நேரம் வந்ததும், சென்னைக் கடிகாரம் 8 நிமிடம் 46 விநாடி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே ஏழு இருபது வேன் சூரியக் கணக்கில் ஏழு பதினொன்றுக்கே வந்துவிடுகிறது. கோவைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே சூரியன் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் பின்தங்கி நடக்கிறது. பம்பாய்க்காரர்கள் தங்கள் ஊர் நேரத்தை 1955 வரை விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடித்தார்கள். நாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டோம். இது போதாதென்று, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்தே முக்காலை ஒட்டி உதிக்கும் சூரியன் ஜனவரிக் கடைசியில் ஆறரையைத் தாண்டித்தான் தலைகாட்டுகிறது. வேன் மட்டும் பருவம் பார்ப்பதில்லை. இவ்வாதங்கள் அனைத்தையும் வேன் ஓட்டுநரிடம் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஹாரன் அடிக்கப் போய்விட்டார்.

‘இன்னும் அரை மணி முன்னாடி எழுந்தா எல்லாம் சரியாயிடும்’ என்பது அத்தைமார்களும் சுயமுன்னேற்ற நூல்களும் ஒருமனதாகச் சொல்லும் தீர்வு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். ஐந்தரைக்கு எழுந்திருக்க எட்டரைக்குள் தூங்கியாக வேண்டும். எட்டரைக்கு அப்பாவே வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார். தோசை மாவு ஃப்ரிட்ஜை விட்டு இறங்கியிருக்காது. பதின்பருவத்தில் சிக்கல் கூடும். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போவதால் இரவில் சீக்கிரம் தூக்கம் பிடிக்காது; ‘வேணும்னே பண்றான்’ என்ற குற்றச்சாட்டை உடலியல் ஏற்கவில்லை. இதைக் கருதி, உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாதென்று 2022 முதல் கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. நம் ஊரில் அந்த நேரத்துக்குள் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸே முடிந்திருக்கும்.

அப்படியே எழுந்தாலும் குறுக்கே நிற்பவர் பார்க்கின்சன். 1955இல் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரையில், கிடைத்த நேரத்தை எல்லாம் நிரப்பும் அளவுக்கு வேலை தானே வீங்கிக்கொள்ளும் என்றார் அவர். சான்றுக்குக் கடற்படை அலுவலகப் புள்ளிவிவரங்களை எல்லாம் புரட்டினார். ஒரு பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் இருந்தால் பத்து நிமிடம், நாற்பது இருந்தால் நாற்பது. டம்ளரின் அடியில் ஒட்டிய ஆடை இரண்டிலும் மிஞ்சும்.

களத்தில் கண்ட ஒரு நிலையை இங்கே விரிவாகப் பதிவு செய்வது கடமை. இதற்கு ‘ஒற்றைச் சாக்ஸ் நிலை’ என்று பெயரிடுகிறேன். பிள்ளை கட்டில் ஓரத்தில் அமர்ந்திருக்கும். ஒரு காலில் சாக்ஸ் கணுக்கால் வரை ஏறியிருக்கும். குதிகாலுக்கு உரிய பகுதி மேல்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். மற்றொரு சாக்ஸ் கையில். பார்வை எதிர்ச்சுவரில். வாய் லேசாகத் திறந்திருக்கும், பேஸ்ட்டின் வெள்ளைத் தடம் மோவாயில் காய்ந்திருக்கும். குக்கர் நான்காவது விசில் அடித்தாலும், அம்மா பெயர் சொல்லிக் கத்தினாலும், அப்பா பைக் சாவியைத் தேடிக்கொண்டு மூன்று முறை குறுக்கே போனாலும் இமை அசையாது. ‘என்னடா யோசிக்கிற?’ என்று கேட்டதற்குக் கிடைத்த விடை: ‘டைனோசருக்கு முட்டி இருக்குமா?’ இதே நிலையை எய்தப் பெரியவர்கள் லீவு போட்டுவிட்டுத் தியான முகாமுக்குப் போகிறார்கள். ஆராய்ந்து பார்த்தால் அந்த வீட்டில் காலை அமைதியை முழுமையாக அடைந்த உயிர் அது ஒன்றுதான். சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றி நிற்பவர்கள். பிள்ளைகளால்தான் அமைதி கெடுகிறது என்ற கருதுகோள் இத்துடன் கைவிடப்படுகிறது.

எஞ்சியிருப்பது இரவுத் தயாரிப்பு என்னும் கொள்கை. யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டி, டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்கி, டயரியில் கையெழுத்துப் போட்டு, பீன்ஸை நறுக்கி டப்பாவில் அடைத்து, ஷூவும் ஐடி கார்டும் பெல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பது. இதை விளையாட்டுக்கு அல்லாமல் உண்மையாகவே பரிந்துரைக்கிறேன். தேடுதல் என்ற தொழில் நின்றாலே ஊடலில் பாதி நின்றுவிடும். இதற்கும் அடங்காதது சார்ட் பேப்பர். ‘இன்னிக்கு மிஸ் சார்ட் கொண்டு வரச் சொன்னாங்க’ என்ற செய்தி ஏழு பத்துக்கு முன் எந்தப் பிள்ளையின் நினைவுக்கும் வந்ததில்லை. தெருமுனை ஸ்டேஷனரி கடை ஒன்பதுக்கு முன் திறந்ததில்லை. முன்னெச்சரிக்கையாகப் பரணில் இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள் சார்ட் சுருட்டி வைக்கலாம். நீலம்தான் கேட்பார்கள்.

கொள்கையில் உள்ள ஓட்டை வேறு. இரவில் செய்தாலும் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் படுத்த பிறகும் பத்தரை மணிக்குச் சமையலறை விளக்கு எரிகிற வீடுகளில்தான் மறுநாள் அமைதியாக விடிகிறது. காலை அமைதி என்று நாம் சொல்வதெல்லாம், ஒருவர் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழுந்ததன், அல்லது பின்னால் படுத்ததன் விளைவு. அந்த ஒருவர் யார் என்பதைக் கண்டறியத் தனி ஆய்வு தேவையில்லை. ஒன்றிய அரசே செய்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இது ஈடுபடுகிற ஆண்களின் சராசரி என்பதைக் கவனிக்க. ஈடுபடாதவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிம்மதியாக இருக்கிறார்கள். ‘எங்க வீட்ல காலைல சத்தமே இருக்காதுங்க’ என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. சத்தம் ஓய்ந்த பின் எழுபவர்களின் வாக்குமூலம் ஆய்வில் ஏற்கத்தக்கதன்று.

பழக்கத்தைத் திருத்தாமல், சுவரில் அட்டவணை ஒட்டாமல், ஒரு வேலையை வீட்டை விட்டே வெளியேற்றிக் காலையை மாற்றிய சான்று ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள்; 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள். திங்கள் உப்புமா, புதன் பொங்கல். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு உணவு என்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் ஏழு மணிக்குள் வயலுக்கோ, கட்டட வேலைக்கோ, கம்பெனி பஸ்ஸுக்கோ கிளம்ப வேண்டிய தாயின் அடுப்பிலிருந்து ஒரு தோசைக்கல்லை அது இறக்கி வைத்ததும் சின்ன விஷயமில்லை. அந்த உப்புமாவும் தானாக வேகவில்லை. பெரும்பாலான இடங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அதிகாலையில் வந்து கிண்டுகிறார்கள். வேலை அழியவில்லை, இடம்தான் மாறியது. மாறியபோது அதற்கு ஒரு சம்பளமும் வந்தது. வீட்டில் இருந்தவரை அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வேன் ஏறும் பிள்ளைகளுக்கோ இந்த வசதி இல்லை. அவர்கள் கட்டும் பீஸில் ரோபோ வகுப்பு வரை உண்டு, உப்புமா கிடையாது.

எனவே அடுக்ககக் குடும்பத்துக்கு மிஞ்சும் வழி வேலைப் பகிர்வு. இதற்கு ஒரு வரையறை தேவைப்படுகிறது. ‘முழு வேலை’ என்பது, வேறொருவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தொடங்கி முடிக்கப்படுவது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு என்ன என்று முந்தின இரவே யோசித்து, வெண்டைக்காய் இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, மூத்தவளுக்குக் காரமாகவும் சின்னவனுக்குக் காரமில்லாமலும் வதக்கி, இரண்டு டப்பாவுக்கும் உரிய மூடியைக் கண்டுபிடித்து மூடி, மாலையில் அப்படியே திரும்பி வரும் வெண்டைக்காயைப் பார்த்தும் கோபப்படாமல் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒரு முழு வேலை. ‘நான் தண்ணி பாட்டில் ரொப்பிட்டேன்’ என்பது அதில் ஒரு துணுக்கு. நடுவில் ‘கடுகு எங்க இருக்கு?’ என்று குரல் கொடுத்தால், வேலை அந்த விநாடியே பழைய சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். முழு வேலை கைமாறும் வீட்டில் முதல் வாரம் சத்தம் கூடும். மிளகாய் கருகும், டப்பா மாறிப் போகும். அதைப் பொறுத்துக்கொண்டால் பிறகு குறையும். பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ப ஒன்று கொடுக்கலாம், ஏழு வயதில் ஷூ, பத்து வயதில் பை. மறந்துவிட்டுப் போனால் மிஸ்ஸிடம் அவர்களே திட்டு வாங்கிக்கொள்ளட்டும். வாட்ஸப் குரூப்பில் நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

இவ்வரையறையை எங்கள் மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவரிடம் விளக்கினேன். படித்தவர், நியாயஸ்தர். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டார். ‘கரெக்ட் சார், நாளையிலேர்ந்து டப்பா முழுக்க என் பொறுப்பு’ என்று அங்கேயே அறிவித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, ‘ஏம்மா, நாளைக்கு டப்பாவுக்கு என்ன வைக்கட்டும்?’ என்றார்.