வளைந்த இரும்பிடம் உண்மையைக் கேட்காமல் தப்பிப்பது எப்படி?

எஃகுத் தகடு ஒன்று வளைந்துவிட்டது. அடித்து நிமிர்த்தியும் ஆயிற்று. "அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பார்த்து சர்டிஃபிகேட் கொடுத்துடுங்க சார், சாயங்காலம் லாரி வருது" என்று சூப்பர்வைசர் தலைமாட்டில் நிற்கிறார். லாரி வருவதற்குள் வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனைகள்.

விரிசலை மட்டும் தேடுங்கள். புரோபை வைத்தால் அடிப்பக்கத்து எதிரொலி ஸ்கிரீனில் பளிச்சென்று எழும்பும். நடுவில் ஒன்றுமில்லை. சுபம்! உள்ளே அணு வரிசைகள் நழுவி, டிஸ்லொகேஷன் எனப்படும் பிசகல் கோடுகள் பல மடங்கு பெருகியிருப்பது இந்தப் பார்வையில் படாது. ஒலி கடக்கும்போது அந்தக் கோடுகள் இழுத்துக் கட்டிய தந்தி மாதிரி அதிரும் என்று கிரனேட்டோ, லூக்கெ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1956இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதிர்வதற்கான சக்தியை ஒலியிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒலியின் வேகத்தையும் ஒரு சிட்டிகை குறைக்கும். அந்தச் சிட்டிகையை மறைப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

எஃகில் நெட்டலை, அதாவது போகும் திசையிலேயே அதிரும் ஒலி, நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். 10 மி.மீ. தகட்டில் போய்த் திரும்ப 3.4 மைக்ரோ நொடி. உருக்குலைவால் வேகம் மாறினாலும் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். அதாவது 34 நானோ நொடிக்குள் கதை முடிந்துவிடும். ஆகவே கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்து தொலைக்காதீர்கள். டேப் போதும். 0.1 மி.மீ. பிசகினாலே அது ஒரு சதவீதம். உண்மை அதற்குள் மூழ்கிவிடும். டேப் பிடிக்கவும் சோம்பலா? டிராயிங்கில் போட்டிருக்கும் கனத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

தகடு மே மாத வெயிலில் கிடக்கட்டும், காலிபரேஷன் பிளாக் ஏசி அறையில் இருக்கட்டும். சூடு ஏற ஏற எஃகில் ஒலி மெதுவாகும். யாராவது வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் பழியை வெயில்மேல் போடலாம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் குறுக்கலை, அதாவது போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் ஒலி. ரோலிங் செய்த தகட்டில் படிகங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அணிவகுத்திருக்கும். ரோலிங் திசையில் அதிரும் குறுக்கலைக்கு ஒரு வேகம், அதற்குக் குறுக்கே அதிர்வதற்கு வேறொரு வேகம். இரண்டும் ஒரே கனத்தைத்தான் கடக்கின்றன. நேரங்களை ஒன்றோடொன்று வகுத்தால் கனம் கணக்கிலிருந்தே கழன்றுவிடும். டேப்பால் செய்த புண்ணியமெல்லாம் வீண். நல்லவேளையாக, குறுக்கலை ஆயிலில் போகாது. புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே கெட்டியான பிசின் மாதிரி ஏதாவது வேண்டும். சோதனைக்கூடங்களில் தேனைக்கூடத் தடவுவார்கள். உங்கள் கம்பெனியில் தேன் பாட்டிலுக்கு வவுச்சர் போட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவே உங்களைக் காப்பாற்றிவிடும்.

5 மெகாஹெர்ட்ஸ் அனுப்பி, 10 மெகாஹெர்ட்ஸில் திரும்பும் முனகலைக் கேட்பது உண்மையைக் கண்டுபிடிக்கும் இன்னொரு வழி. பிசகல் கோடுகள் பெருகினால் அந்த முனகலும் பெருகும். கருவியே அதே அலைவரிசையில் முனகக்கூடியது என்பதால் இதைச் சுலபமாகக் குழப்பலாம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் உலோகத்தின் உள்ளமைப்பை மீயொலியால் படிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள். அந்தப் பக்கம் சந்தேகம் கேட்டுப் போய்விடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: அதே ஹீட் நம்பரில், அதாவது அதே உலை வார்ப்பில் வந்த, வளையாத துண்டு ஒன்று மூலையில் கிடந்தால் உடனே ஸ்கிராப்பில் போடுங்கள். அளந்த வேகம் ரோலிங்கால் வந்ததா, உள்ளே தங்கிய தகைவால் வந்ததா, வளைந்ததால் வந்ததா என்று பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். ஒப்பிட அந்தத் துண்டும் இல்லையென்றால் உங்களை யாரும் அசைக்க முடியாது.

கடைசியில் ரிப்போர்ட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். கையெழுத்தை மட்டும் தெளிவாகப் போடுங்கள். நாளைக்குத் தகடு முறிந்தால் முதலில் தேடி எடுக்கப்போவது அந்தத் தாளைத்தான்.