கிராமில் அளந்த மலை

சாமானியனைப் பிடிக்கச் சட்டம் பக்கம் பக்கமாக நீளும். மலையளவு கழிவைத் தப்பவிட ஓர் அடிக்குறிப்பு போதும்.

அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் பாருங்கள். முதல் அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு. நிலக்கரிச் சாம்பல், பாஸ்போஜிப்சம், சிவப்புச் சேறு எல்லாம் 'அதிக அளவு, குறைந்த விளைவு' கொண்ட கழிவுகளாம். ஆகவே அபாயப் பட்டியலில் சேராதாம். இவற்றுக்குத் தனி வழிகாட்டுதல் உண்டாம். சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. வழிகாட்டுதலுக்கு நல்ல வழவழப்பான அட்டை உண்டு.

ஒரு டிரம் கழிவு வைத்திருப்பவன் குற்றவாளி. ஊரை மூடும் அளவு வைத்திருப்பவர் தொழிலதிபர்.

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் போய்ச் சிவப்புச் சேறு பற்றிக் கேட்காதீர்கள். கொல்லிமலைக்காரர் பார்த்ததெல்லாம் பாக்சைட் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய லாரிகளைத்தான். இந்த மலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போனது. 1965 முதல் அங்கே மால்கோ ஆலை அதை அலுமினியமாக்கியது. 1995-ல் ஆலை ஸ்டெர்லைட் கைக்கு, அதாவது இன்றைய வேதாந்தா கைக்கு வந்தது. 2003-ல் வேதாந்தா லண்டன் பங்குச் சந்தையில் ஏறியது. 2008-ல் மேட்டூர் உருக்காலை மூடப்பட்டது. பாக்சைட் போனது, அலுமினியம் போனது, முதலாளி லண்டன் வரை போனார். சேறு மட்டும் காவிரிக்கரை ஊரை விட்டு நகரவில்லை.

அது என்ன சேறு? பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிக்கிறார்கள். ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு மிஞ்சும். தோலை அரிக்கும் காரம். அது போதாதென்று, பாக்சைட்டில் இயற்கையாகவே இருந்த யுரேனியமும் தோரியமும் பெரும்பாலும் சேற்றிலேயே தங்கிவிடும். பாக்சைட்டில் இருந்ததைவிடச் செறிவாகத் தங்கும். இயற்கை தந்ததுதானே என்பார்கள். பாம்பின் விஷம் என்ன பாலிடெக்னிக்கிலா தயாராகிறது?

இதை யார் கண்காணிப்பது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் படியேறிப் பாருங்கள். "கதிரியக்கமா? அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்களே!" பொய்யில்லை. 1962 அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் கதிரியக்கக் கழிவுக்குத் தங்கள் விதிகள் பொருந்தாது என்று அந்த 2016 விதிகளே சொல்கின்றன. சரி, அணுசக்திக்காரர்களிடம் போவோம். கதிரியக்கம் கிராமுக்கு 1 பெக்கரல் தாண்டுகிறதா என்பார்கள். யுரேனிய, தோரிய வரிசைக்கு உலகம் வைத்திருக்கும் கோடு அது. சேறு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே பதுங்கும். தாண்டாவிட்டால் கதிரியக்கக் கழிவு இல்லை. அபாயக் கழிவு இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. மிஞ்சுவது மண். வெறும் மண்.

கிராமில் அளக்கிறார்கள். கொட்டியது லாரிக் கணக்கில்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணலை அள்ளினால் அதே தோரியத்துக்காக வழக்கு பாயும். தேசத்தின் சொத்து! அதில் தோரியம் பன்மடங்கு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விற்கத் தகுந்த தோரியத்துக்குக் காவல், விற்க முடியாத தோரியத்துக்கு அடிக்குறிப்பு என்பது எந்த ஊர் இயற்பியல்?

மழைக்கு இந்த எல்லைத் தகராறு தெரியாது. அடியில் தடுப்பு இல்லாத குவியல் என்றால் இறங்கிக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகும். குடிநீருக்கு ஐ.எஸ். 10500 தரம் இருக்கிறது: லிட்டருக்கு ஆல்ஃபா கதிரியக்கம் 0.1 பெக்கரல், பீட்டா 1 பெக்கரல். அழகான எண்கள். இப்போது ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு பார்க்கச் சின்னச் சின்னக் குப்பிகள். யுரேனியம், தோரியம் சிதைந்து பிறக்கும் ரேடியத்துக்குக் குப்பி இல்லை. பார்க்காதது கிடைக்காது. கிடைக்காததால் பிரச்சினை இல்லை. கோப்பு மூடப்பட்டது. குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்றது உலக சுகாதார நிறுவனம். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை தாராளம் காட்டியது. இந்தியச் சிறுநீரகத்தின் மேல் அத்தனை நம்பிக்கை!

ஹங்கேரியின் அய்காவில் 2010 அக்டோபர் 4 அன்று இதே சேற்றின் கரை உடைந்தது. பத்துப் பேர் செத்தார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து வந்த நம் விதிகளில் இருப்பதும் 'குறைந்த விளைவு'தான். 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் மூரியில் ஹிண்டால்கோவின் சேற்றுக் குவியல் சரிந்தது. அடிக்குறிப்பு அசையவில்லை.

கேட்பது பெரிய வித்தையல்ல. குவியலுக்கு அடியில் நீர் இறங்காத விரிப்பு. கசிவைப் பிடிக்க வாய்க்கால். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு. அந்தத் தண்ணீரில் ரேடியம் எவ்வளவு என்று ஊராட்சிப் பலகையில் ஒரு வரி. பணம், அலுமினியம் விற்றவர் பையிலிருந்து.

நாமக்கல்லில் ஐயாயிரத்துக்கு மேல் கோழி வளர்க்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். ஈ மொய்த்தால் ஆய்வு, நாற்றமடித்தால் நோட்டீஸ். கோழி எச்சத்துக்கு விளைவு அதிகம் போலும்.