இரண்டரை டன் பிரயாணம்

கோலாலம்பூர்

மகாகனம் பொருந்திய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் குமாரத்தியும் குழந்தையும் க்ஷேமம். பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் தங்கள் தமக்கையாரும், தங்கள் மைத்துனரும், பேரப்பிள்ளைகள் இருவரும் பரம சௌக்கியமாக இருக்கிறார்கள் என்பதைக் கேமரன் மலைக்குச் சென்று திரும்பிய பின்னரும் மெய்யாகவே எழுத முடிகிறது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறு வாகனத்தில் இரண்டே ஆசனங்கள் உண்டென்பதும், அவ்விரண்டில் ஒன்றில் அமர நேரும்போதெல்லாம் தங்கள் குமாரத்தி வெளிப்படுத்தும் அபிப்பிராயங்கள் எத்தகையன என்பதும் தாங்கள் அறிந்தவை. கோயம்புத்தூரில் பிறந்து, சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களின் கதையைக் கேட்டு வளர்ந்து, மாருதி எஞ்சினைக் கொண்டே பந்தய வண்டி சமைத்த கரிவர்தனை மானசீக குருவாகக் கொண்டு, 2005-ஆம் வருஷம் செப்பாங் மைதானத்தில் நம்மூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டியதை இன்றளவும் நினைத்துப் பூரிக்கும் ஒருவன், தரையை ஒட்டிப் போகும் லேசான வண்டியைத் தவிர வேறொன்றை வாகனமென்று ஒப்புக்கொள்ளுவது எங்ஙனம்? ஆயினும் ஏழு பேரை இரண்டு ஆசனத்தில் அமர்த்தும் வித்தை எனக்குக் கைவரவில்லையாதலால், தங்கள் குமாரத்தியின் ஆக்ஞைப்படி, இரண்டரை டன் எடையும் ஆறரை அடி அகலமும் கொண்ட ஒரு மகா வாகனம் வாடகைக்கு எடுக்கப்பட்டது.

அதில் ஏறுவதற்கே ஒரு படி வைத்திருக்கிறார்கள். தங்கள் தமக்கையார் அந்தப் படியில் கால் வைத்து ஏறி அமர்ந்தவுடன் நாற்புறமும் நோக்கி, "இதுதான் வண்டி, அது என்ன, தவழ்ந்து போய் உட்காருகிற வண்டி!" என்று தீர்ப்பு வழங்கினார். வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் தாப்பா வரையிலான நூற்றைம்பது கிலோமீட்டர் தூரமும் அத்தீர்ப்பை மறுக்க எனக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை என்பதை நியாயத்தின் பொருட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்னும் எல்லைக்குள் நேராகப் போகிற வரையில் கனமான வண்டி சுகமானதுதான். பின்னாசனத்தில் புளிச்சோற்று மூட்டை அவிழ்க்கப்பட்டதும், யாவரும் உண்டதும், உண்டபின் உறங்கியதும் எனக்குத் தெரியாமலே நடந்தேறின.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு மலைச்சாலையில் திரும்பியதும் அந்தப் புளிச்சோறு தன் இருப்பை உணர்த்தலாயிற்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த குடும்பம் இது. ஆனால் நம்மூர்ச் சாலையில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே மனிதன் மூச்சு விடுவதற்கு இடம் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் மலையைக் குடைந்து போட்ட இந்தச் சாலையிலோ, லாத்தா இஸ்கந்தர் அருவியையும் தேனும் பெத்தாய்க் காயும் விற்கும் ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடி மக்களின் குடில்களையும் கடந்து, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாரத்தின் மையம் உயரத்தில் இருக்கும் வண்டி, வளைவில் திரும்பும்போது தன் உடலை வெளிப்புறமாகச் சாய்ப்பது பௌதிக சாஸ்திர நியதி. நான் கைச்சக்கரத்தை இடப்புறம் திருப்பினால், சக்கரங்கள் முதலில் திரும்புகின்றன, பிறகு வண்டியின் உடல் யோசிக்கிறது, அதற்கும் பிறகு தங்கள் தமக்கையார் வலப்புறம் சாய்ந்து, தங்கள் மைத்துனரின் தோளில் இடித்து, "தம்பி, மெள்ள!" என்கிறார். மாட வீதி முனையில் தேரைத் திருப்புகிறவர்கள் முட்டுக்கட்டையும் கையுமாக ஓடுவதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. நான் ஓட்டியது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில். இதற்கு மேலும் மெள்ளப் போவதானால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இவ்விடத்தில் சற்றே சரித்திரம் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் மலை தாங்கி நிற்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தை ஸ்தாபித்தபோது, காட்டைத் தோட்டமாக்கிய கருவிகள் சில கோவேறு கழுதைகளும், ஒரே ஒரு நீராவி உருளையும், கணக்கற்ற மனிதக் கைகளுமேயாம். அக்கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்பதை இங்குள்ள முருகன் கோயில்களே சொல்லும். இந்த மலைக்கு வந்த முதல் கனரக வாகனம் அந்த உருளையாகத்தான் இருக்க வேண்டும். அதற்காவது சாலையைச் சமப்படுத்தும் பிரயோஜனம் இருந்தது. எங்களுடையதோ, சாலை என்னும் ஒன்றை அடைத்துக்கொள்ளுவதிலேயே தன் வல்லமையையெல்லாம் காட்டிற்று.

அது நிரூபணமானது சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் வழியில். பிரிஞ்சாங்குக்கு அப்பால் பிரியும் அந்தப் பாதை, இருபுறமும் தேயிலைச் செடிகள் உரசும் ஒற்றைப் பாதை. எதிரே எவரும் வரமாட்டார்கள் என்னும் நம்பிக்கையில் யாவரும் நுழைகிறார்கள். நுழைந்த யாவருக்கும் எதிரே யாரோ ஒருவர் வந்தே தீருகிறார். எங்களுக்கு எதிரே, முட்டைக்கோசு ஏற்றிய, கதவுகளில் பாதி வர்ணம் உதிர்ந்த ஒரு கிழட்டு லேண்ட் ரோவர் வந்து நின்றது. அதை ஓட்டி வந்த பெரியவர் எங்கள் வண்டியின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். தம்முடையதைப் பின்னுக்கு எடுத்துத் தேயிலைச் செடிகளுக்குள் பாதி நுழைத்தார். நுழைத்துவிட்டு, "கண்ணாடிய மடக்கிட்டு வாங்க தம்பி, ஒண்ணும் ஆவாது" என்றார். தமிழைக் கேட்ட மாத்திரத்தில் தங்கள் தமக்கையாரின் மயக்கம் தெளிந்தது. சாளரத்தை இறக்கி, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். "ரிங்லெட்டுங்கம்மா." "அது சரி, சொந்த ஊர்?" அவர் சிரித்தார். "அத தாத்தாவத்தான் கேக்கணும். அவரு நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போய்ட்டாரு." 1938-இல் தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்தியதற்கு முன்பு வந்த குடும்பமாம். இப்போது தோட்டத்தில் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும். இவருடைய பிழைப்பு காய்கறிக்கு மாறிவிட்டது.

மாமா, அன்று இரவு நாங்கள் தங்கிய தானா ராத்தாவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் அந்த லேண்ட் ரோவரைப் பற்றியே. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குப் பஞ்சம் ஏற்பட்ட காரணத்தால், அலுமினியத் தகட்டால் உடலமைத்து, 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய வண்டி அது. முதன்முதல் வந்தவற்றின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ; அகலம் ஐந்தடிக்குச் சற்றே அதிகம். என் சிறு வண்டியின் எடையோ ஏறத்தாழ ஆயிரம் கிலோ. ஆகவே, இந்த மலையில் காலங்காலமாக ஆட்சி செலுத்தும் வாகனம் இனத்தால் யாருக்கு உறவு என்று கேட்டால், எங்களுடைய இரண்டரை டன் மகாராஜாவுக்கு அல்ல, என் இரண்டு ஆசன ஏழைக்கே என்று நான் எந்த நியாய ஸ்தலத்திலும் வாதிடுவேன். இரண்டிலும் வேண்டாத பொருள் ஒன்றும் இல்லை. சாலையின் ஒவ்வொரு கல்லும் ஓட்டுகிறவன் முதுகெலும்புக்கு உடனுக்குடன் அறிவிக்கப்படுகிறது. குளிர்சாதனமும் மெத்தையும் படியும் சேரச் சேர, மலைக்கென்று பிறந்த ஜாதி கடைத்தெருவுக்கென்று வளர்ந்துவிட்டது.

இவ்வாதத்தைத் தங்கள் குமாரத்தியிடம் சமர்ப்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புளிச்சோறு எங்கே வைப்பது?" என்றாள்.

திரும்பும்போது சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினோம். அது அகலமான புதுச் சாலை. கனமான வண்டியை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினால் அது காய்ந்து கையை விரித்துவிடுமாகையால், கீழ்க் கியரில் போட்டு எஞ்சினையே முட்டுக்கொடுத்து இறங்கினேன். பேரப்பிள்ளைகள் வழியில் வாங்கிய ஸ்ட்ராபெரியை ஆசனத்தில் பிழிந்து வைத்ததைத் தவிர வேறு சேதமில்லை.

இப்போது ஒரு விண்ணப்பம். இவ்வகை மகா வாகனம் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடுவதென்று இங்கே தீர்மானம் உருவாகி வருகிறது. நான் அதற்கு மாற்றாக, பழைய லேண்ட் ரோவர் ஒன்றைத் தேடிப்பிடித்துச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ராஜிப் பிரேரணை செய்திருக்கிறேன். தாங்கள் அடுத்த கடிதத்தில், வால்பாறைத் தோட்டங்களுக்கெல்லாம் அந்நாளில் ஜீப்பிலேயே போய்வந்ததை நாலு வரி எழுதினால் பேருபகாரமாக இருக்கும். "அதில் அத்தையை எங்கே உட்கார வைப்பீர்கள்?" என்று தங்கள் குமாரத்தி கேட்டதற்கு, முட்டைக்கோசு இருந்த இடத்தில் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை வீட்டில் உரக்கப் படிக்கும் வழக்கமுள்ள தாங்கள், தமக்கையார் ஊர் திரும்பிய பின்னரும் இந்த ஒரு வரியை மட்டும் மனத்துக்குள்ளேயே படித்துக்கொள்ளுமாறு பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விசுவாசமுள்ள மாப்பிள்ளை