கோபுரம் ஒசத்தி, காலடி?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நடுத்தர நகரங்களுக்குள் எது அழகு என்ற வழக்கு ஓய்வதே இல்லை. சார்லட்காரர் 1992இல் எழும்பிய 60 மாடி வங்கிக் கோபுரத்தைக் காட்டுவார். நாஷ்வில்காரர் உச்சியில் இரண்டு கொம்பு முளைத்த கட்டடத்தைக் காட்டுவார்; ஊரார் வைத்த பெயர் ‘பேட்மேன் கட்டடம்’. போதாதென்று அங்கே பூங்காவில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் முழு அளவில் நிற்கிறது. அசல் இழந்த கூரை நகலுக்கு உண்டு.

நைல் நதிக்கரை ஊரின் பெயரைச் சுமக்கும் மெம்பிஸ், 1991இல் 321 அடி பிரமிடையே கட்டிவிட்டது. முதலில் உள்ளே கூடைப்பந்து ஆடினார்கள். 2015 முதல் தூண்டிலும் துப்பாக்கியும் விற்கிறார்கள். ஃபாரோக்கள் கொடுத்துவைக்காதவர்கள். பர்மிங்ஹாம் மலைமேல் ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கன், 56 அடி வார்ப்பிரும்புச் சிலையாக நிற்கிறார். உடை முன்பக்கத்துக்கு மட்டும். பின்பக்கத் தரிசனம் பக்கத்து ஹோம்வுட்காரர்களுக்கு.

இந்த அழகுப் போட்டியில் யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. 1960களில் சார்லட், புரூக்ளின் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை ‘நகரப் புதுப்பிப்பு’ என்று இடித்துத் தள்ளியது. நாஷ்வில்லில் கறுப்பின மக்களின் ஜெஃபர்சன் தெருப் பகுதியை நெடுஞ்சாலை பிளந்தது. கோபுரத்தில் எந்த ஊர் ஜெயித்தாலும், இந்தக் கணக்கில் யாருக்கும் யாரும் இளைத்தவரில்லை.

ஆகவே, ஊர்களை ஒப்பிட விரும்புவோர் அண்ணாந்து பார்க்க வேண்டாம். ஒரு மைல் நடந்து பாருங்கள், நடைபாதை இருந்தால்.