சித்திரை முகூர்த்தமும் கன்னத்துப் பள்ளமும்: ஒரு நிலவியல் ஆய்வு

காண்டூர் என்னும் ஒப்பனைக் கலையை ஆராயப் புகுந்தவர்கள் முகத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். அரியலூரிலிருந்து தொடங்க வேண்டும்.

சான்று உண்டு. ஒப்பனைக்குத் தமிழில் அரிதாரம் என்று பெயர். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் நிற ஆர்சனிக் தாதுவின் பெயர் அது. 'அரி இல் ஊர்' என்பதே அரியலூர் ஆயிற்று என்று பெருமாள் பக்தர்கள் சொல்வார்கள். அரிதாரத்தில் உள்ள அரியை மட்டும் ஏனோ கண்டுகொள்வதில்லை. பெரம்பலூரோ முன்பு பெரும்புலியூராம். புலியின் முகத்தில் கறுப்புக் கோடு விழும் இடங்களையும் பியூட்டிஷியன் பிரஷ் வைக்கும் இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மேல் நோண்டினால் இரண்டு ஊர்க்காரர்களும் என்னைத் தேடி வருவார்கள்.

கலையின் இலக்கணம் எளிது. மேட்டில் வெளிச்சம், பள்ளத்தில் நிழல். தோல் நிறத்தைவிட இரண்டு படி கறுத்த பொடியைக் காதோரத்திலிருந்து வாய்க்கோடி நோக்கி இழுத்து, பாதி வழியில் நிறுத்தி, மேல்நோக்கித் தேய்த்துக் கரைக்க வேண்டும். கன்னத்தில் இல்லாத பள்ளம் வந்துவிடும். கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றுகிறாரே, அந்தச் சிற்பி நிழலுக்காகக் கல்லையே குடைந்தான். நமக்குப் பிரஷ் போதும்.

பிரைமர், ஃபவுண்டேஷன், காண்டூர், மேலே பவுடர் என்று அடுக்கடுக்காகப் பூசுவதும் இம்மண்ணுக்குப் புதிதல்ல. இந்தப் பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்காக ஹென்ரி பிளான்ஃபோர்டு 1862லேயே பிரித்துவிட்டார். கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் ஏறி வந்தது, இறங்கிப் போனது. அது விட்டுப்போன அம்மோனைட்டுகள் காரையில் கிடக்கின்றன. சிப்பிகள் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்ட். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் டூவீலரில் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். எந்தப் பார்லரிலும் கிடைக்காத மேட் ஃபினிஷ், காசில்லாமல்.

இனிக் களஆய்வு. என் அண்ணன் மகளுக்குப் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாதம் சித்திரை. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான் வருகிறது என்பதை இலக்கணம் சொல்வதில்லை. பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஸ்பிரிங் லுக், சித்தப்பா" என்றாள். மெல்லிய காண்டூர், இமையில் ஊதாவும் இளம்பச்சையும். விடியற்காலை மூன்று மணிக்கு வந்த பியூட்டிஷியன் இரண்டரை மணி நேரம் உழைத்துவிட்டு, "மேக்கப் போட்டதே தெரியாதுங்கக்கா" என்றார் பெருமையாக. என் அண்ணிக்கு முகம் மாறிவிட்டது. "தெரியாம இருக்கவா இம்புட்டுக் காசு?"

அண்ணியின் கேள்விக்கு எந்த அழகியல் நூலிலும் பதில் இல்லை.

அடுத்து என் அம்மா, அதாவது பெண்ணுக்கு அப்பாயி, மணவறைக்குக் கிளம்பியவளை நிறுத்தி முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. "என்னாடி, கன்னம் இப்புடி ஒட்டிக் கெடக்கு? உங்கம்மா சோறு போடலையா? கண்ணுல யாரு குத்துனா?" காண்டூர்க் கொள்கைக்கு நான் கேட்டதிலேயே கூர்மையான மறுப்பு இதுதான். அப்பாயி பிறந்த காலத்தில் ஒட்டிய கன்னத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மானாவாரி பொய்த்த வருஷம் தானே வரும். கண்ணுக்கும் அதற்குத் தெரிந்தது ஒரே நிறம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்துக் குழைத்த மை. மை தீட்டிய கண்ணுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் உண்கண்: மை உண்ட கண். அது உண்டதெல்லாம் கறுப்புதான்.

வண்ணம் வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறதே என்பது என் கட்சி. சித்திரையில் ரோட்டோரம் பாருங்கள். கண்ணின் உள்மூலைக்குச் சரக்கொன்றை மஞ்சள், இமை மடிப்புக்குப் புங்கம்பூவின் வெளிறிய ஊதா, வெளிக்கோடிக்கு வேப்பங்கொழுந்தின் செம்பு நிறம். மினுமினுப்புக்குக் காக்காய்ப்பொன். ஐ ஷேடோவில் மின்னுவதும் அதே மைக்காதான். டப்பாவில் வந்தால் விலை கூடுகிறது.

தாலி ஏறும் நேரத்தில் ஓமப்புகையும் வெயிலும் சேர்ந்துகொண்டன. கடல் திரும்பி வந்தது. நெற்றியில் ஊற்றெடுத்து, மூக்கோரக் காண்டூரை அரித்து, கன்னத்துப் பள்ளத்தில் வண்டலை நிரப்பிக் கழுத்துக்கு இறங்கியது. பதினாறு மணி நேரம் தாங்கும் என்று செட்டிங் ஸ்பிரே டப்பாவில் போட்டிருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 12 கோடி ஆண்டாகத் தாங்குகிறது. அதற்கு என்ன அடித்தார்கள் என்று கம்பெனிக்காரர்கள் விசாரிக்கலாம்.

பெண்ணுக்கு என் கைக்குட்டையைத்தான் நீட்டினேன். திரும்பி வந்தபோது அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படிவுகள்: அடியில் பழுப்பு, நடுவே பீச், மேலே இளம்பச்சை. ஆய்வுக்கு இதைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கே கொடுக்கலாம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மறுநாள் வீட்டம்மா சட்டையோடு சேர்த்துச் சோப்புப் போட்டு அலசிவிட்டார்.

பச்சை மட்டும் போகவில்லை.