ஒருவேளை மாமா

செம்பூரில் குடியிருந்து மாட்டுங்காவில் காய்கறி வாங்கும் தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு ‘ஒருவேளை மாமா’ உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் ரயில் லைனில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்றால் பஸ்; கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் மழைத் தண்ணீர் நின்றால் பயணமே ரத்து, வீட்டில் இருக்கும் வெங்காயத்தில் சாம்பார். மும்பையில் பிழைக்க இந்த ஞானம் வேண்டியதுதான். மாமா ஆட்டோமேஷன் டெஸ்டராகவும் இருப்பதுதான் வம்பு. இணையதளத்தைத் தானே சோதிக்கும் அவருடைய செலினியம் ஸ்கிரிப்டில் வரிக்கு வரி ‘இஃப்’. விளம்பரப் பாப்-அப் வந்தால் மூடு. கூப்பன் கட்டம் இருந்தால் நிரப்பு; இல்லையா, பாதகமில்லை. ‘பணம் செலுத்து’ பட்டன் தெரிந்தால் அழுத்து. தெரியாவிட்டால் பெருந்தன்மையாக விட்டுவிடு. புது வெர்ஷனில் அந்தப் பட்டனே காணாமல் போகிறது. பட்டன் இல்லை, ஆகவே அழுத்தவில்லை, ஆகவே சகலமும் சௌக்கியம் என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டுகிறது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. பணம் வாங்கவே வழியில்லாத கடையை நடத்துகிறோம் என்பதை வாடிக்கையாளர் போன் செய்துதான் சொல்ல வேண்டும்.

“வானத்தைக் கேட்டுக்கொண்டா மழை வருகிறது? குடை வைத்திருப்பது தப்பா?” என்பார் மாமா. பயணத்துக்குக் குடை சரி. ஆனால் டெஸ்டில் மழையைப் பெய்ய வைப்பவரே மாமாதானே! பெய்யும் நாளுக்கு ஒரு டெஸ்ட், பெய்யாத நாளுக்கு இன்னொன்று என்று எழுதிவிட்டால் குடையைத் தேடும் வேலையே இல்லை. அதோடு, பாப்-அப் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்து ‘இல்லை’ என்று நகர்ந்த அரை நொடியில் அது வந்து குந்தலாம். அப்போது அதே ஸ்கிரிப்ட் காலையில் பாஸ், மாலையில் ஃபெயில். தங்கள் டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையில்லாத முடிவு தருவதாக 2016-இல் கூகுளே சொன்னது. எல்லாவற்றுக்கும் ‘இஃப்’ காரணமல்ல. ஆனால் மாமா தன் பங்கைக் குறைத்துக்கொண்டதில்லை.

“ஏ/பி சோதனையில் ஆளுக்கொரு பக்கம் வருகிறதே?” என்பது அடுத்த கேள்வி. எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைக் குக்கியிலோ சர்வரிலோ முதலிலேயே கட்டிப்போடலாம். விண்டோஸில் மட்டும் ஓட வேண்டிய டெஸ்ட் என்றால் நிபந்தனை நியாயமே. அதை டெஸ்டின் வாசலிலேயே வைக்கத்தான் டெஸ்ட் கருவிகளான பைடெஸ்டில் ‘ஸ்கிப்-இஃப்’, ஜேயூனிட்டில் ‘அஸ்யூம்’ இருக்கின்றன. ஓடும் முன்பே தெரிந்த விஷயத்தின் மேல் நிபந்தனை வைக்கலாம். எதைச் சோதிக்க வந்தோமோ அதன் மேலேயே வைத்தால் சோதனை எங்கே? தவிர, ஸ்கிப்-இஃபும் அஸ்யூமும் ‘பாஸ்’ என்று பூசி மெழுகாமல், ‘ஓட்டவில்லை’ என்று எழுதி வைக்கின்றன. மாமாவுக்கு இதில்தான் கலக்கம்: “அப்படிப் போட்டால் ஏன் ஓட்டவில்லை என்று மேனேஜர் கேட்பாரே!” கேட்கட்டும். அந்தக் கேள்வி எழுவதற்காகத்தான் மாமாவுக்குச் சம்பளமே.