ஊருக்கே வெந்நீர் வார்க்கப்போற மருமகனுக்கு

மருமகனே, நீ ஜெர்மனியில இருந்து விறகு பாய்லர் இறக்கப்போறாய் எண்டு முந்தல் சந்தித் தேத்தண்ணிக் கடை முழுக்க ஒரே பேச்சு. சந்தோசம். இந்த ஊருக்கு ரயில் வந்திச்சு, இறால் பண்ணை வந்திச்சு, அதுல பாதி வந்த வழியே போகவும் செய்திச்சு. பனிக்குள்ள கிடக்கிற வீட்டைச் சூடாக்கிற அடுப்பு மட்டும்தான் வராமக் கிடந்திச்சு. அந்தக் குறையும் உன்னால தீரட்டும்.

உன் கோபம் எனக்கு விளங்குது. 2021 கடைசியில ஊர் ஊரா காஸ் வெடிச்ச கதை கேட்டோம். 2022ல வெறும் சிலிண்டரை வரிசையில வச்சுட்டுப் பக்கத்திலயே படுத்துக் கிடந்தோம். இனி எவன் கையையும் பாக்கமாட்டேன், என் வளவு விறகு, என் வெந்நீர் எண்டு நீ மீசையை முறுக்குறது நியாயம்தான். எனக்கு விளங்காதது நீ காட்டின பாய்லர்ப் படத்தில உள்ள தாங்கி. ஒண்டு மட்டும் இல்ல, ரெண்டு. ஒவ்வொண்டும் 750 லீற்றர். கேட்டதுக்கு ஜெர்மனிச் சட்டம் சொன்னாய்: கையால விறகு போடுற பாய்லருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 55 லீற்றர் தாங்கியாவது வேணுமாம். உன்னது 25 கிலோவாட். பெருக்கிப் பாத்தா 1375. அதுதான் 1500.

சட்டம் போட்டவன் மடையன் இல்ல. காஸ் எண்டா திருகைத் திருப்பித் தீயைக் குறைக்கலாம். விறகை அப்படி அடக்க ஏலாது. காத்தை அடைச்சா அது அணையாது, புகையும். அந்தப் புகையில உள்ள தார் புகைபோக்கி முழுக்க அப்பி, ஒரு நாளைக்கு அதுவே பத்தி எரியும். அதனால ஜெர்மன்காரன் தீயை முழு மூச்சா எரியவிட்டு, வாற சூட்டைத் தண்ணியில சேத்து வச்சு, ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறான். வெளியில பனி கொட்டுற ஊர்ல அறைக்கு அறை சுடுதண்ணிப் பைப் ஓடுது. அவனுக்கு 1500 லீற்றர் பத்தாமலும் போகும்.

நீ எங்க குந்தியிருக்கிறாய்? முந்தல்ல. பங்குனி மத்தியானம் மோட்டார் போட்டா, பைப்பில முதல் வாற தண்ணியில தேத்தண்ணி ஊத்தலாம்.

நானும் ஒரு கணக்குப் போட்டேன், பள்ளிக்கூடத்துப் பொடியன் ஒருத்தன் கைபேசியில பெருக்கித் தந்தான். 1500 லீற்றரை 80 பாகைக்குச் சூடாக்கி, கிணத்துத் தண்ணி கலந்து குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தா 6500 லீற்றர் வருது. தலைக்கு 40 லீற்றர் வார்த்தாலும் 160 பேர் குளிக்கலாம். உன் வீட்டில அஞ்சு பேர். மிச்சம் 155 பேரை எங்கேயிருந்து பிடிக்கப்போறாய்? உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு வாற சனத்தைக் கூப்பிடலாம் எண்டா, நெருப்பில நடந்து வாறவங்க உன் வெந்நீருக்கா ஏங்கப்போறாங்க?

விறகுக்கு வா. ஒருக்கா அந்தத் தாங்கி ரெண்டையும் நிரப்ப, நல்லாக் காஞ்ச விறகு 30 கிலோ அளவில வேணும். காஞ்ச விறகு எண்டு சொன்னதைக் கவனி. பச்சை விறகு போட்டா, அதுல உள்ள தண்ணியை ஆவியாக்கவே நெருப்பில ஒரு பங்கு போயிரும். ஜெர்மன்காரன் விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழ அடுக்கி, ரெண்டு வருசம் பொறுமையா இருக்கிறான். உன் பொறுமைதான் ஊருக்கே தெரியுமே, சோறு வேகமுந்தி மூடியைத் திறந்து பாக்கிற ஆள்.

வேலியில சீமைக்கிளுவை நிக்குது. கிளிரிசிடியா எண்டு அரசாங்கம் 2005ல அதைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக்கிச்சு. வெட்ட வெட்டத் தழைக்கும், இலை ஆட்டுக்கும் தென்னை அடிக்கும் போகும், கம்பைக் காயவச்சா நல்லா எரியும். அதை நம்பு. களப்புக் கரையில நிக்கிற கண்டல்ல மட்டும் கத்தி வைக்காத. இறால் பண்ணைக்கெண்டு நாம அழிச்சது காணும். உலகத்திலயே முதல் கண்டல் அருங்காட்சியகத்தை 2016ல சிலாபத்துக்குப் பக்கத்தில பம்பலயில திறந்தாங்க. மிச்சம் இருக்கிறதையும் நீ வெட்டிட்டா, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் காட்டணும்.

இப்ப சிரிக்காமக் கேக்க வேண்டிய இடம். அந்தப் பாய்லர்ல இருந்து தாங்கிக்குத் தண்ணியை ஓட்டுறது எது? பம்பு. பம்பு எதுல ஓடுது? கரண்டில. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு பாணந்துறைத் துணை மின்நிலையத்தில ஒரு குரங்கு புகுந்திச்சு எண்டாங்க, இலங்கை முழுக்கக் கரண்ட் போச்சு. வடக்கால நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில மூணு பாய்லர், 900 மெகாவாட், இஞ்சினியர்மார் ஒரு படை. அதுவும் நிண்டுபோய், பிறகு நாளைக்கு இவ்வளவு நேரம் எண்டு கரண்டை வெட்டினாங்க. நீ விறகை வாய் முட்ட அடைச்சுத் தீ பிடிச்ச நேரம் இன்னொரு குரங்கு பாஞ்சுதெண்டு வை. பம்பு நிண்டிரும், நெருப்பு நிக்காது. பாய்லருக்குள்ள தண்ணி கொதிக்கும். ஒரு லீற்றர் தண்ணி ஆவியானா 1600 லீற்றருக்கு மேல இடம் கேக்கும். இடம் இல்லாட்டி, அதுவே இடம் பண்ணிக்கொள்ளும்.

அதுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு எண்டாய். சூடு மிஞ்சினா ஒரு வால்வு தானாத் திறந்து, குளிர் தண்ணி உள்ளுக்க ஓடி ஆத்திருமாம். கரண்ட் வேண்டாமாம். ஜெர்மனியில அது சரி, தெருப் பைப்பில எந்நேரமும் அழுத்தத்தோட தண்ணி நிக்கும். உன் வளவில தண்ணியை ஏத்துறது கிணத்து மோட்டார். அதுவும் அதே குரங்கை நம்பித்தான் ஓடுது. மேல் தாங்கியில கிடக்கிற அளவுதான் உன் ஆயுசுக்கு உத்தரவாதம், அதையும் உன் மகள் காலையில தலை முழுகித் தீத்திருப்பாள்.

கேத்தலை ஒருக்காக் கவுத்துப் பார். அடியில வெள்ளையா, விரல் நகத்தால கிள்ளினா பொருக்குப் பொருக்கா உதிருதே, அது நம்ம கிணத்துச் சுண்ணாம்பு. தண்ணி சூடேற ஏற அது படியும். எலுமிச்சம்பழத்தில கேத்தலைக் கழுவிரலாம். தாங்கிக்குள்ள சுருண்டு கிடக்கிற செப்புப் பைப்பை எதைப் போட்டுக் கழுவுவாய்? பாய்லர்க் கடைக்காரன் இதைச் சொல்லியிருக்கமாட்டான், அவன் ஊர்த் தண்ணி அவனுக்கு.

சரி, வெந்நீரே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. பிள்ளை பெத்தவளுக்கு வேணும். மார்கழி விடியக்காலையில எனக்கும் வேணும், என் முழங்காலைக் கேட்டுப் பார். அதுக்கு 100 லீற்றர்த் தாங்கி ஒண்டு காணும். 60 பாகைக்குச் சூடாக்கினா, கலந்து 260 லீற்றருக்கு மேல குளிக்கலாம். சின்ன அடுப்பு, ரெண்டு மூணு கிலோ சிரட்டை. கொப்பரா வாடியில பாத்திருப்பாய்: சிரட்டையை ஒண்டுக்குள்ள ஒண்டு செருகி வரிசையா வச்சு ஒரு முனையில தீ வச்சா, புகை அவ்வளவா இல்லாம மெதுவா ஊர்ந்து போகும். இப்ப சிரட்டைக் கரிக்கு ஏத்துமதி விலை இருக்கு, வித்திட்டு மிஞ்சினதை எரி.

தாங்கியை அடுப்புக்கு மேல தூக்கி வை. சூடான தண்ணி தானா மேல ஏறும், குளிர்ந்தது தானா கீழ இறங்கும், பம்பு வேண்டாம். உச்சியில இருந்து ஒரு பைப் எடுத்து ஆகாயம் பாக்கத் திறந்து விடு. பைப் வேலை செய்யிற பாஸ் வடிவுக்கெண்டு அதுல வால்வு பூட்ட வந்தா கையைப் பிடி. தாங்கியைச் சுத்திப் பொச்சுத் தும்பு நாலு விரல் கனத்துக்குக் கட்டு. “இல்ல மாமா, விறகே வேண்டாம்” எண்டு நீ சொன்னா, கூரையில சூரிய வெந்நீர்த் தாங்கி போடு. அதுவும் மேல தாங்கி, கீழ சூடு எண்ட அதே வித்தைதான். முந்தல் வெயிலுக்கு யாரும் பில் அனுப்புறதில்ல.

பாய்லருக்குக் காசு கட்டியாச்சு எண்டா நுவரெலியாப் பக்கம் விசாரிச்சுப் பார். தை மாசம் அங்க ஹோட்டல்காரங்க பல்லு நடுங்க நிப்பாங்க, நல்ல விலைக்கே எடுப்பாங்க. இன்னும் கட்டேல்ல எண்டா இண்டைக்கே வீட்டுக்குப் போய் உன் மனிசியிட்டக் கேள், ஒரு நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் வேணும் எண்டு. அந்த எண்ணிக்கையோட வா, பிறகு பைப் பாஸைக் கூப்பிடுவோம்.